சாயக்கழிவுக்கு நுண்பாசி: எந்தத் தண்ணீருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

"ஏனுங்க, இந்தப் பாசிக் குட்டை போட்டா ஆர்.ஓ.வை நிறுத்திடலாமுங்களா?"

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கழிவுநீரிலிருந்து உப்பைச் சவ்வால் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைத்தான் சொல்கிறார். யாரோ அவரிடம் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு கண்ணாடிக் குடுவைகளின் படம் அதில் இருந்தது. ஒன்றில் கருஞ்சிவப்புத் தண்ணீர், மற்றதில் தெளிந்த இளம்பச்சைத் தண்ணீர். கீழே "95 சதவீத நிறநீக்கம், மின்செலவு மிகக் குறைவு" என்று போட்டிருந்தது. மாதாமாதம் சுத்திகரிப்புக்குக் கொட்டிக் கொடுப்பவருக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவருக்குச் சாயப்பட்டறையோடு சிறிய பிரிண்டிங் பிரிவும் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீருக்கு என் பதில் வேறு. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். திருப்பூரில் பெரும்பாலும் பருத்திப் பின்னலாடைத் துணி, அதற்கு ரியாக்டிவ் சாயம். இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும். அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை. ஆனால் போடுகிற சாயம் முழுவதும் இழையில் பிடிப்பதில்லை. சாயத்தையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் வரை தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிக் கழிவில் போய்விடும். சாயம் இழையை நோக்கி நகர உப்பு வேண்டும். சமையல் உப்போ, சோடியம் சல்பேட் எனும் கிளாபர் உப்போ, அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமும் அதற்கு மேலும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு கிலோ பனியன் துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. இந்த உப்பில் எதுவும் துணியில் தங்குவதில்லை, அப்படியே வெளியே வருகிறது. அதோடு சோடா, சோப்பு, துணியிலிருந்து கழன்று வந்த மெழுகு, எண்ணெய் எல்லாம் சேரும்.

ஆக இதில் நிறம் இருக்கிறது, ஆக்சிஜனைத் தின்னும் கரிமப்பொருள், அதாவது நாம் சி.ஓ.டி. என்று அளப்பது, இருக்கிறது, காரத்தன்மை இருக்கிறது, உப்பு இருக்கிறது. யார் எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும், இவற்றில் எதை எடுப்பீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். "சுத்தம் செய்யும்" என்ற பொதுப்பேச்சுக்கு இந்தத் தொழிலில் பொருளில்லை.

உப்பை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நொய்யலின் கீழ்ப்பகுதிக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு அது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் வெள்ளத்தோடு சாயத்தண்ணீரும் வந்து தேங்கியது. நிறத்தைக் கண்ணால் பார்த்தோம். வயலைக் கெடுத்ததோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. நிறமே இல்லாத, பளிங்கு போன்ற தண்ணீர்தான், ஆனாலும் வேகாது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையோடுதான் அவை படிப்படியாகத் திரும்பத் திறந்தன. ஆர்.ஓ. சவ்வு, அது ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் தண்ணீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் எல்லாம் இன்று அங்கே நிற்பது முதன்மையாக இந்த உப்புக்காக.

சரி, பாசி இந்த உப்பை எடுக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 6 கிராம் கரைந்த உப்பு என்று வையுங்கள். ஒரு நாளில் 6,000 கிலோ உப்பு வருகிறது. இந்தத் தண்ணீருக்குத் தேவையான பாசிக்குட்டை ஏறக்குறைய 5 ஏக்கர் (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்). நன்றாக வளர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 20 கிராம் வீதம், மொத்தம் 400 கிலோ உலர்பாசி கிடைக்கும். அதில் சாம்பல் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 40 கிலோ. பாசி தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் தாதுப்பொருள் மொத்தமும் அவ்வளவுதான். 6,000 கிலோவுக்கு எதிரே 40 கிலோ. ஆர்.ஓ.வை நிறுத்தலாமா என்ற கேள்வி இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

முடியாமல் நிற்பது இன்னொரு கேள்வி. ஆர்.ஓ.வுக்கு முன்னால் நிறத்தையும் கரிமப்பொருளையும் எடுக்க இன்று நாம் செய்கிற வேலையைப் பாசியிடம் கொடுக்கலாமா? உண்மையான ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது.

இந்த வேலைக்கு இன்று கையில் இருக்கும் வழிகளில் பழையது சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு, பால் திரிவது போலச் சாயத்தைத் திரிய வைத்துப் படியவிடுவது. தனித்தனிப் பட்டறைகள் ஒரு காலத்தில் இதை மட்டுமே நம்பியிருந்தன. ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் எளிதில் திரியாது, மருந்தை அள்ளிக் கொட்ட வேண்டும். கொட்டிய மருந்தெல்லாம் கசடாக, அதாவது ஸ்லட்ஜாக, திரும்பி வரும். அந்தக் கசடை எங்கே வைப்பது என்பது திருப்பூரின் தீராத தலைவலிகளில் ஒன்று. குளோரின் போட்டு நிறத்தை வெளுப்பதும் உண்டு. கண்ணுக்கு நிறம் போய்விடும், ஆனால் குளோரின் ஏறிய கரிமப்பொருள்கள் உருவாகும். எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை.

அடுத்தது பாக்டீரியா தொட்டி. காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பது. பொது சுத்திகரிப்பு நிலையங்களின் முதுகெலும்பு இது. மாவு, மெழுகு, சோப்பு, அசிட்டிக் அமிலம் போன்ற எளிதில் செரிக்கும் பொருள்களை நன்றாகத் தின்னும். நிறத்தில் மட்டும் அவ்வளவு திறமை காட்டாது. பெரும்பாலான ரியாக்டிவ் சாயங்களில் நிறத்துக்குக் காரணமாக இருக்கும் அசோ என்ற நைட்ரஜன் பிணைப்பு, காற்றோட்டம் உள்ள தொட்டியில் எளிதில் உடைவதில்லை. காற்றில்லாத தொட்டியில் வைத்தால் அதே பிணைப்பு சட்டென்று உடைந்து நிறம் மறைந்துவிடும். அங்கே வேறு இரண்டு சிக்கல் இருக்கிறது. உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள். நிறமற்றவை, சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அவற்றைத் தின்ன மறுபடியும் காற்றுள்ள தொட்டி வேண்டும். இரண்டாவது, கிளாபர் உப்பு போடும் ஆலைகளில் சல்பேட் நிறைய இருப்பதால், காற்றில்லாத தொட்டி அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் ஊருக்கே தெரியும். காற்றில்லாத தொட்டி நல்லது என்று பாடத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த உப்புக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

ஓசோன் சுத்தமான வழி. சாயத்தின் நிறத்தைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும், கசடு இல்லை. ஆனால் ஒரு கிலோ ஓசோன் செய்ய ஏறக்குறைய 10 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகும். நிறம் போகிற அளவுக்கு சி.ஓ.டி. குறையாது. அதனால் பாக்டீரியா தொட்டிக்குப் பிறகு மிச்சமிருக்கும் நிறத்தை எடுக்க மட்டும் வைப்பதுதான் சிக்கனம். இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போடும் ஃபென்டன் முறை, செயலூட்டிய கரி, வெண்ணழுகல் பூஞ்சை என்று இன்னும் சில உண்டு. முதலாவதற்கு அமிலமும் இரும்புக்கசடும், இரண்டாவதற்குக் கரியின் விலை, மூன்றாவதற்குக் கலப்படமில்லாத சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை இருக்கிறது. பெரிய அளவில் இவை முதல் தேர்வாக இருக்க முடியாது.

இப்போது பாசிக்கு வருவோம்.

குளோரெல்லா போன்ற ஒற்றைச்செல் பாசி நிறத்தை இரண்டு விதமாக எடுக்கிறது. ஒன்று, சாயம் செல்லின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்வது. இதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உலர்ந்த பாசித்தூளும் ஒட்டும். மற்றது, செல்லுக்குள் இருக்கும் நொதி அசோ பிணைப்பை உடைத்து, வரும் துண்டுகளைப் பாசி உணவாக்கிக்கொள்வது. குளோரெல்லா, ஆசிலடோரியா என்ற நீலப்பச்சைப் பாசி இரண்டும் அசோ சாயங்களை இப்படி உடைக்கின்றன என்பது 1990-களிலேயே ஆய்வில் வந்த செய்தி. விளம்பரத் தாள்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. ஆலை நடத்துகிறவருக்கோ இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒட்டிக்கொண்ட சாயம் எங்கேயும் போய்விடவில்லை, தண்ணீரிலிருந்து பாசிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்தப் பாசி இனி சாயக்கசடு. மாட்டுக்கும் போட முடியாது, மண்ணுக்கும் போடக்கூடாது.

95 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஆய்வகக் குடுவையில், நல்ல தண்ணீரில், ஒரே ஒரு சாயத்தைச் சிறிதளவு கரைத்து, பாசிக்கு வேண்டிய சத்தெல்லாம் போட்டு வளர்த்துப் பார்த்த எண் அது. ஒட்டவைக்கும் ஆய்வுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ரியாக்டிவ் சாயம் குளோரெல்லாவில் மிக நன்றாக ஒட்டுவது பி.எச். 2 அளவில், அதாவது கடும் அமிலத்தில். நம் கழிவுநீர் சோடா போட்டு பி.எச். 10-ஐ ஒட்டி வருவது. அதை 2-க்கு இறக்க அமிலம் வாங்கி, பிறகு ஏற்ற மறுபடியும் காரம் வாங்கினால், அந்த இரண்டும் சேர்ந்து இன்னும் உப்பாகும். ஆக ஆய்வறிக்கையில் இருக்கும் எண் பொய்யில்லை, நம் தண்ணீரைப் பற்றியதில்லை.

உண்மையான ஆலைக்கழிவில் பார்த்தால் எண்கள் இறங்கிவிடுகின்றன. மலாயா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குளோரெல்லா வல்காரிஸைச் சுழல்குட்டையில் துணி ஆலைக் கழிவுநீரோடு வளர்த்துப் பார்த்தார்கள். நிறம் 42 முதல் 50 சதவீதம் குறைந்தது, சி.ஓ.டி. 38 முதல் 62 சதவீதம் குறைந்தது. நான் நம்பிக் கணக்குப் போடுவது இந்த மாதிரி எண்களை வைத்துத்தான். சி.ஓ.டி. லிட்டருக்கு 800 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரில் 62 சதவீதம் போனாலும் 300 மிஞ்சும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு 250. பாசியை அந்தச் சாயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் திறன் கூடும் என்பதும் உண்மை. துருக்கியில் ஒரு மஞ்சள் சாயத்தை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கிய பாசி எண்பது சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் நம் பட்டறைகளில் காலையில் கருநீலம், மதியம் ஆரஞ்சு, இரவு கறுப்பு. எந்தச் சாயத்துக்கென்று பழக்குவது?

அப்புறம் இடம். பாசிக்கு வெயில் அடிவரை போக வேண்டும், அதனால் குட்டையின் ஆழம் ஓர் அடிக்கு மேல் கூடாது. தண்ணீர் 4 முதல் 8 நாள் தங்க வேண்டும். சராசரியாக 6 நாள் என்று வைத்தால், நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு 60 லட்சம் லிட்டர் கொள்ளளவு வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 20,000 சதுர மீட்டர், அதாவது 5 ஏக்கர். இதே தண்ணீருக்குப் பாக்டீரியா தொட்டி நாலரை மீட்டர் ஆழத்தில் ஒன்றரை நாள் தங்கவைத்தால் போதும், ஏறக்குறைய 8 சென்ட். திருப்பூரில் ஐந்து ஏக்கர் என்ன விலை என்று நான் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு 50 லட்சம் லிட்டர் எடுக்கும் பொது நிலையத்துக்கு இதுவே 25 ஏக்கர் ஆகும்.

வெயில் வேண்டும் என்றேன். கொங்கு நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்த வெயில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அடர்சாயத் தண்ணீர் மேல் சில சென்டிமீட்டரிலேயே ஒளியை விழுங்கிவிடும், கீழே பாசி இருட்டில் கிடக்கும். அதாவது நிறத்தை எடுக்க வந்த பாசிக்கு நிறமே எதிரி. முதல் கட்டத்தில் பாசியை வைப்பது ஏன் தோற்கிறது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இரவில் பாசி ஆக்சிஜன் கொடுக்காது, எடுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளர்ச்சி படுத்துவிடும், ஏற்றுமதி ஆர்டர் மட்டும் மழையைப் பார்க்காது. ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் புகுந்தால் சில நாளில் குட்டைப் பாசியை மேய்ந்து தீர்த்துவிடும். திறந்த குட்டையில் இதைத் தடுக்க உறுதியான வழி இல்லை.

ஆவியாதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றால் 5 ஏக்கர் குட்டையிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் போய்விடும், வந்த தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. உப்பு போகாது. கரைந்த உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 6,000 மில்லிகிராமாக உள்ளே போனால் 6,600-க்கு மேல் ஏறி வெளியே வரும். தண்ணீரை மீட்டெடுத்துத் திரும்பச் சாயத்துக்குப் போடுகிற ஆலைக்கு இது இரட்டை நட்டம்.

இவ்வளவு குறை சொன்னதால் பாசி எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். அதன் நல்ல பக்கம் மிக நல்ல பக்கம். பாக்டீரியா தொட்டியில் 600 கிலோ சி.ஓ.டி. எடுக்கக் காற்று ஊத ஏறக்குறைய 600 யூனிட் ஆகும். பாசி ஒரு கிலோ வளர்ந்தால் ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் கொடுக்கும். 400 கிலோ பாசிக்கு 600 கிலோ ஆக்சிஜன், வெயில் கொடுக்கும் இலவச ஊதுகாற்று. தண்ணீரைச் சுழற்றும் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் நாளைக்கு 100 யூனிட்டுக்குள் அடக்கலாம். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் மின்சாரம் எட்டு மடங்காகும், அதனால் "மெதுவாக" என்பதை ஆபரேட்டர் மறக்கக்கூடாது. கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே இந்தப் பாசி–பாக்டீரியா கூட்டை ஊர்க்கழிவுநீருக்கு வடிவமைத்துக் காட்டினார். பாசி ஆக்சிஜன் கொடுக்க, பாக்டீரியா கரிமப்பொருளைத் தின்று கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுக்க, இரண்டும் ஒன்றையொன்று நடத்தும். சாயக்கழிவிலும் பாசி தனியாக வேலை செய்வதில்லை. குட்டையில் நடப்பதில் பாதி பாக்டீரியாவின் வேலை. அமீன் துண்டுகளைத் தின்னக் காற்று வேண்டும் என்றேனே, அங்கே இந்தக் கூட்டு உண்மையாகவே கைகொடுக்கும்.

பாசிக்குச் சாப்பாடும் வேண்டும். ஒரு கிலோ பாசிக்கு 1.8 கிலோ கரியமில வாயு. விறகு எரிக்கும் பாய்லர் பல பட்டறைகளில் இருக்கிறது, அந்தப் புகையைக் குட்டைக்குள் விட்டால் கார நீரின் பி.எச். இறங்கும், பாசியும் வளரும். அமிலம் வாங்கும் செலவில் ஒரு பங்கு மிச்சம். நைட்ரஜன்தான் தட்டுப்பாடு. பாசியின் எடையில் 7 சதவீதம் நைட்ரஜன் என்றால் 400 கிலோவுக்கு நாளைக்கு 28 கிலோ வேண்டும். பருத்திச் சாயக்கழிவில் அவ்வளவு இருக்காது. யூரியா போட்டால் ஒரு மூட்டைக்கு மேல், ஏறக்குறைய 60 கிலோ. சுத்திகரிக்க யூரியா வாங்குவதா என்று கேட்காதீர்கள், பாக்டீரியா தொட்டிக்கும் இன்று யூரியாவும் டி.ஏ.பி.யும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஊர்ச் சாக்கடையைக் கலந்தால் அந்தச் செலவு இல்லை.

அறுவடைதான் பலரும் சறுக்கும் இடம். குளோரெல்லா ஒரு செல் சில மைக்ரோமீட்டர் அளவு, குட்டையில் லிட்டருக்கு அரைக் கிராம்கூட இருக்காது. படியவைத்தால் படியாது, வடிகட்டினால் அடைத்துக்கொள்ளும், சென்ட்ரிஃபியூஜ் வைத்தால் மிச்சம்பிடித்த மின்சாரமெல்லாம் அங்கே போய்விடும். படிகாரம் போட்டால் படியும், ஆனால் எந்தக் கசடுக்குப் பயந்து பாசிக்கு வந்தோமோ அது திரும்பி வந்துவிடும். பாக்டீரியாவோடு சேர்ந்து உருண்டையாகத் திரளும் பாசிக்கூட்டத்தை வளர்ப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அதைப் பழக்கி எடுக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இதிலிருந்து டீசல் எடுக்கலாம், தீவனம் விற்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாயம் ஏறிய பாசிக்கு அந்தச் சந்தை கிடையாது.

அறுவடையில் தப்பிய பாசி ஆர்.ஓ.வுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை வேறோர் ஆலையில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பாசி சுரக்கும் கொழகொழப்பான சர்க்கரைப்பொருள் சவ்வின் மேல் படலமாகப் படிந்துவிடும். அழுத்தம் ஏறும், கழுவுவார்கள், மறுபடி ஏறும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய சவ்வுகளை சில மாதத்தில் மாற்றினார்கள். காற்றுத்தொட்டியில் மிச்சம்பிடித்த காசெல்லாம் சவ்வு வாங்கப் போயிற்று. ஆர்.ஓ.வுக்கு நேர் முன்னால் பாசிக்குட்டை என்றால், நடுவில் நுண்துளைச் சவ்வில் வடிகட்டும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் இல்லாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே உப்புப் போட்டுச் சாயமேற்றும் பட்டறையின் மொத்தக் கழிவுக்கு என் தேர்வு இதுதான். பாக்டீரியா தொட்டி, மிச்ச நிறத்துக்குத் தேவையான அளவு ஓசோன், பிறகு வழக்கமான சவ்வுகள், எவாப்பரேட்டர். அடர்சாயத் தண்ணீரைக் கழுவுநீரோடு கலக்காமல் தனியே பிடித்து, நிறம் நீக்கி, உப்புக்கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே போடுகிற முறை நம் ஊரில் நடைமுறையில் இருக்கிறது. பாசியில் போடும் பணத்தை அதில் போட்டால் பலன் அதிகம்.

பிரிண்டிங் பிரிவில் கதையே வேறு. ரியாக்டிவ் பிரிண்டிங் பசையில் உப்பைக் கொட்டுவதில்லை. அதில் இருப்பது சாயம், பசையைக் கெட்டியாக்கும் சோடியம் ஆல்ஜினேட், சோடியம் பைகார்பனேட், யூரியா. ஒரு கிலோ பசைக்கு 100 முதல் 200 கிராம் வரை யூரியா போடுவார்கள். துணியை நீராவியில் வைத்து எடுத்துக் கழுவும்போது அந்த யூரியா அப்படியே தண்ணீரில் வருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் இது பெரிய தொல்லை. யூரியா அம்மோனியாவாகி, அதை நைட்ரேட்டாக்கக் கூடுதல் காற்று ஊதி, நைட்ரேட்டைப் போக்க இன்னொரு தொட்டி வைத்து என்று செலவு நீளும். பாசிக்கோ அதுதான் விருந்து. குளோரெல்லா யூரியாவை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். பைகார்பனேட் அதற்குக் கரிமச்சத்து. நிறமும் முதல் கழுவலில்தான் அடர்த்தி, மூன்றாவது நான்காவது கழுவலில் வெளிறிவிடும், வெயில் உள்ளே இறங்கும். அளவும் குறைவு. நாளைக்கு 20,000 லிட்டர் என்றால் அதே கணக்கில் 400 சதுர மீட்டர், பத்து சென்ட். மொட்டை மாடி வலுவாக இருந்தால் அங்கேயே வைத்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை, கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம் என்றேன்.

வெளியேறும் தண்ணீரை ஆற்றில் விடலாம் என்று இதற்குப் பொருளில்லை. அதுவும் பொது நிலையத்துக்கே போக வேண்டும். ஆனால் நைட்ரஜனும் கரிமப்பொருளும் குறைந்து போகும், அங்கே சுமை குறையும்.

பாசி தமிழ்நாட்டில் ஆலை அளவில் வேலை செய்த சான்று வேண்டுமென்றால் ராணிப்பேட்டையைப் பார்க்க வேண்டும். கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஸ்னாப் ஆலையில், அமிலக் கழிவுநீரைச் சமன்செய்ய நுண்பாசியைப் பயன்படுத்தும் நிலையத்தைச் சென்னையைச் சேர்ந்த பாசியியலாளர் வி. சிவசுப்பிரமணியன் குழு அமைத்தது. காரம் போட்டுச் சமன்செய்து கசடு சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், பாசி தானே பி.எச்.-ஐ ஏற்றியது, கசடு குறைந்தது. ஒளிச்சேர்க்கை நடக்கும்போது தண்ணீரின் பி.எச். ஏறுவது இயல்பு, அந்த இயல்பு அங்கே தேவையோடு பொருந்தியது. சாயக்கழிவு ஏற்கெனவே காரம், ஏறுகிற பி.எச். இங்கே பாரம். ஒரே பாசி, இரண்டு ஊர், இரண்டு தண்ணீர். "ராணிப்பேட்டையில் ஓடுகிறதே" என்று மட்டும் சொல்லி ஒருவர் உங்களிடம் விற்க வந்தால், இந்த வேறுபாட்டைக் கேளுங்கள்.

பட்டுநூல் சாயமேற்றுகிறவர்களையும் இதில் நினைக்கிறேன். பட்டுக்கு அமிலச் சாயம், உப்பு மிகக் குறைவு, ஒரு நாளின் தண்ணீர் சில ஆயிரம் லிட்டர். ஆர்.ஓ. வைக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, ஓசோனும் அப்படியே. காஞ்சிபுரம் மாதிரி ஊரில் சில குடும்பங்கள் சேர்ந்து, வீட்டுக் கழிவுநீரோடு கலந்து ஒரு பாசிக்குட்டை நடத்தினால் அது கைக்கெட்டும் தீர்வு. இந்தப் பக்கம் இன்னும் நிறைய வேலை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது ஒரு சோதனை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு 200 லிட்டர் டிரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அடி உயரத்துக்கு அறுத்து, வெயில் படும் இடத்தில் வையுங்கள். இரண்டிலும் உங்கள் பிரிண்டிங் கழுவுநீரை ஊற்றுங்கள், விளம்பரத்தில் வந்த தண்ணீர் வேண்டாம். ஒன்றில் பாசி, மற்றதில் பாசி இல்லை. பாசி இல்லாத டிரம்மிலும் வெயிலாலும் படிவாலும் நிறம் கொஞ்சம் குறையும், அதைக் கழித்துவிட்டுத்தான் பாசிக்கு மதிப்பெண் போட வேண்டும். தினமும் ஆறில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய கழிவுநீரை ஊற்றுங்கள், ஒரு மாதம். வாரம் ஒருமுறை நிறம், சி.ஓ.டி., நைட்ரஜன், டி.டி.எஸ். நான்கையும் அளக்கக் கொடுங்கள். ஆவியாகும் அளவைக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் பாசி டிரம்மில் ஒரு சொம்பு எடுத்து ஆய்வக வடிதாளில் வடிகட்டுங்கள். தாளில் தங்கியது பச்சையாக இருந்தால் சாயம் உடைகிறது என்று நம்ப இடமுண்டு, ஆய்வகத்தில் அமீனையும் பார்க்கச் சொல்லலாம். சாயத்தின் நிறத்திலேயே இருந்தால், வெறுமனே ஒட்டியிருக்கிறது.

டிரம் இரண்டும் இப்போது அவர் பிரிண்டிங் கூடத்துக்குப் பின்னால் இருக்கின்றன. இது இரண்டாவது வாரம்.